கெட்டி வேறு, கனம் வேறு

யாங்கோனில் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பில் பாடம் நடத்தப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் சமையலறைச் சாமான்களை வைத்து அறிவியல் காட்டுகிறார்கள். நான் செய்த அதே கூத்து! அதில் அவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள் இவை. கொட்டுவது, சிந்துவதைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. அது தானாகச் சரியாகிவிடும்.

"கெட்டியானது கீழே போகும்" என்று சொல்லிக்கொடுப்பது

இதைக் கேட்டாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். தேன், தண்ணீர், கடலை எண்ணெய் மூன்றும் அடுக்காக நிற்கும்போது இந்த விளக்கம் பொருந்துவதுபோலத் தெரியும். அதை நம்பித்தான் ஒருமுறை பெற்றோர்கள் முன்னால் விளக்கெண்ணெயை எடுத்தேன். தேன்போல இழுபடுகிறதே, தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்துவிடும் என்று அறிவித்துவிட்டுத்தான் ஊற்றினேன். "சார், மேலே வந்திருச்சு!" என்றாள் முன்வரிசைச் சிறுமி. ஒரு பாட்டில் விளக்கெண்ணெய்க் காசும் போச்சு, மானமும் போச்சு.

கெட்டி என்பது ஓட மறுக்கும் குணம். மிதப்பதும் மூழ்குவதும் அடர்த்தியால், அதாவது ஒரே அளவுக் குவளையில் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்பதால். 100 மில்லி தண்ணீர் 100 கிராம். தேன் சுமார் 140, விளக்கெண்ணெய் 96, கடலை எண்ணெய் 91. பிள்ளைகளையே தராசில் நிறுக்க விடுங்கள்.

இங்கே கடையில் எண்ணெயை வீசைக் கணக்கில்தானே கொடுக்கிறார்கள்? ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ. அந்த எடைக்குத் தண்ணீர் 1.63 லிட்டர்தான், கடலை எண்ணெய் 1.8 லிட்டர் வரும். பாடம் கடைத்தெருவிலேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

இரண்டு எண்ணெயை அடுக்கப் பார்ப்பது

நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் கலந்துவிடும். விடுங்கள்.

ஆப்ப சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர்

எலுமிச்சை பிழிந்து பொங்க வைத்துக் காட்டும் சோதனைக்கு ஆப்ப சோடாதான் சரி. பவுடரில் சோடாவோடு புளிப்புப் பொருளும் மாவும் சேர்ந்தே இருக்கும். மழைக்கால ஈரத்தில் டப்பாவுக்குள்ளேயே பாதி வீரியம் போய்விடும். பிறகு எலுமிச்சையைப் பிழிந்தாலும் பொங்குவது சொற்பம்.

பொங்கும் பாட்டிலை மூடுவது

கூடவே கூடாது. ஒரு தேக்கரண்டி சோடா முழுதாகப் பொங்கினால் ஒரு லிட்டருக்கு மேல் வாயு.

எண்ணெயில் கேசரிப் பவுடர்

எண்ணெய் அடுக்கு பளிச்சென்று தெரிய இதைப் போட்டால் கரையாது. மஞ்சள்தூள் நிறம் கொடுக்கும். ஆனால் கைலியில் சிந்தினால் சோப்பு போட்டதும் கறை சிவந்துவிடும். அதற்கு வீட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.