அமெரிக்கத் தேர்தல் விளம்பரம்: பணம் போட்டவர் யார் என்று தடம்பிடிப்பது எப்படி

அமெரிக்க டிவியில் வரும் தேர்தல் விளம்பரத்தில் நம்மை அதிகம் ஏமாற்றுவது அதன் அடியில் வரும் அமைப்பின் பெயர்தான். குடும்பம், கடமை, நாடு, எதிர்காலம் என்று எந்த நல்ல சொல்லையும் எந்தக் கூட்டமும் பெயராக வைத்துக்கொள்ளலாம். அது என்ன வகை அமைப்பு, எந்தத் தேதியில் பதிவானது என்ற இரண்டையும் பாருங்கள். பெயரைவிட இவை அதிகம் சொல்லும்.

வீடியோவை நிறுத்தி, ‘பெய்ட் ஃபார் பை’ (பணம் போட்டவர்) என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். டிவி விளம்பரத்தில் இந்த வரி குறைந்தது 4 விநாடி நிற்க வேண்டும், எழுத்தின் உயரம் திரை உயரத்தில் 4 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். பெயரை ஒரு சொல் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட் ஆக்‌ஷன்’, ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட் பாலிசீஸ்’ இரண்டும் டிரம்ப் ஆதரவு அமைப்புகளாக இருந்தவை. ஆனால் முன்னது நன்கொடையாளர் பட்டியலை வெளியிட வேண்டியிருந்த சூப்பர் பேக் (வரம்பில்லாமல் பணம் திரட்டிச் செலவிடும் அரசியல் குழு), பின்னது பட்டியலே தரத் தேவையில்லாத லாபநோக்கற்ற அமைப்பு. கடைசிச் சொல்லைத் தவறவிட்டால் வேறு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வேட்பாளரே தன் குரலில் ‘ஐ அப்ரூவ் திஸ் மெசேஜ்’ என்று சொன்னால் அது அவருடைய பிரசாரக் குழுவின் விளம்பரம். 2002 சட்டத்தில் வந்த கட்டாயம் இது. ‘எந்த வேட்பாளரும் அங்கீகரிக்கவில்லை’ என்ற வரி இருந்தால் அவருடைய பிரசாரத்துக்கு வெளியே இருக்கும் குழுவின் பணம். வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து, கூட்டாட்சித் தேர்தல் ஆணையமான எஃப்.இ.சி.யின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பெயரைக் கேட்டு நம் ஊர் தேர்தல் ஆணையம் மாதிரி நினைத்துவிட வேண்டாம். வாக்குப்பதிவு, வாக்கு எண்ணிக்கை எல்லாம் மாநிலங்கள், கவுன்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) பொறுப்பு. இந்த ஆணையம் பார்ப்பது பணக்கணக்கை மட்டும். அதிலும் அதிபர், செனட், பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களின் கணக்கை மட்டுமே. பதிவான குழு ஒவ்வொன்றுக்கும் சி என்ற எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட எண் உண்டு. அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், குழு பின்னால் பெயரை மாற்றிக்கொண்டாலும் எண் மாறாது.

குழுவின் பக்கத்திலேயே வகை எழுதியிருக்கும். வேட்பாளர் குழு என்றால் தனிநபர் ஒருவர் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரைதான் தரலாம் (2025-26 கணக்கு, பிரைமரிக்கு, அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு ஒன்று, பொதுத் தேர்தலுக்கு ஒன்று எனத் தனித்தனி). நிறுவனமோ தொழிற்சங்கமோ ஆர்வக் குழுவோ நடத்தும் சாதாரண பேக், ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் பொதுவாக 5,000 டாலர் வரை தரலாம். சூப்பர் பேக்குக்கு வருமானத்திலும் உச்சவரம்பு இல்லை, செலவிலும் இல்லை. 2010இல் வந்த ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’, ‘ஸ்பீச்நவ்’ நீதிமன்றத் தீர்ப்புகளின் விளைவு அது. ஆனால் வேட்பாளர் கையில் பணம் தரவோ அவரோடு கலந்து பேசி விளம்பரம் போடவோ கூடாது.

இப்போது வரவுப் பட்டியலைத் திறந்து, தொகையை இறங்குவரிசையில் அடுக்குங்கள். 200 டாலரைத் தாண்டிய நன்கொடையாளரின் பெயர், தொழில், வேலை செய்யும் நிறுவனம் எல்லாம் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. ‘மெமோ’ என்று குறித்த வரிகளைக் கூட்டக் கூடாது, அந்தத் தொகை வேறு வரியில் ஏற்கெனவே கணக்கில் வந்திருக்கும். ஜனநாயகக் கட்சிப் பக்கம் ஆக்ட்ப்ளூ, குடியரசுக் கட்சிப் பக்கம் வின்ரெட் என்ற பெயர்கள் பெரிதாகத் தெரிந்தால் மிரளத் தேவையில்லை. அவை சில்லறை நன்கொடைகளை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் தபால்காரர்கள். ‘இன்ன நிறுவனம் இத்தனை கொடுத்தது’ என்ற செய்திகள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் சொந்தப் பணத்தில் கொடுத்ததைக் கூட்டிச் சொல்பவை. வேட்பாளருக்கு நிறுவனம் நேரடியாகக் கொடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஊரையும் தொழிலையும் ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள். அந்தப் பட்டியலை வைத்து நன்கொடை கேட்பதும் பொருள் விற்பதும் சட்டப்படி தடை.

பட்டியலின் உச்சியில் ஆளின் பெயர் இல்லாமல் இன்னொரு குழுவின் பெயர் இருந்தால், அந்தக் குழுவின் பக்கத்துக்குப் போய் இதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு மூன்று தாவலில் தெரிந்த முகம் ஒன்று தட்டுப்படும்.

பட்டியல் காலியாக இருந்தால்? தேதியைப் பாருங்கள். வித்தையே அங்கேதான். தேர்தலுக்கு முந்தைய அறிக்கை வாக்குப்பதிவுக்கு 12 நாள் முன்பு தாக்கலாகும். அதில் வருவது 20 நாள் முன்பு வரையிலான கணக்கு. அதற்குப் பிறகு பணம் வாங்கினால் பெயர்கள் ஓட்டு விழுந்த பிறகே வெளியாகும். மாதாமாதம் தாக்கல் செய்யும் குழுவாகப் பதிந்துகொண்டால் பிரைமரிக்கு முந்தைய அறிக்கையே தேவையில்லை. 2018 மே 8 அன்று மேற்கு வர்ஜீனியாவில் நடந்த செனட் பிரைமரியில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் ‘மவுன்டன் ஃபேமிலீஸ்’ என்ற பெயரில் ஒரு குழு, ‘டியூட்டி அண்ட் கன்ட்ரி’ என்ற பெயரில் இன்னொன்று, இரண்டும் விளம்பரங்களைக் கொட்டின. ஓட்டுப்பதிவு முடிந்த பிறகு பார்த்தால், முன்னதற்குப் பணம் வந்தது குடியரசுக் கட்சியின் செனட் தலைமைக்கு நெருக்கமான ‘செனட் லீடர்ஷிப் ஃபண்ட்’ கையிலிருந்து. பின்னதற்கு வந்ததோ, ஜனநாயகக் கட்சியின் ‘செனட் மெஜாரிட்டி பேக்’ கையிலிருந்து. எதிர்க்கட்சியின் உட்கட்சித் தேர்தலில் எந்த வேட்பாளர் ஜெயித்தால் தங்களுக்கு வசதி என்று கணக்குப் போட்டு இறக்கிய காசு அது.

இந்த மாதிரி நேரத்தில் உதவுவது சுயேச்சைச் செலவு அறிக்கை, அதாவது வேட்பாளரோடு கலந்து பேசாமல் வெளிக் குழு செய்யும் செலவின் அறிக்கை. வாக்குப்பதிவுக்கு 20 நாளுக்கு முன்புவரை செலவு 10,000 டாலரைத் தொட்டால் 48 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். கடைசி 20 நாளில் 1,000 டாலரைத் தொட்டாலே 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். பணம் கொடுத்தவர் பெயர் இதில் இருக்காது. ஆனால் யாரை ஆதரித்து, யாரை எதிர்த்து, எந்த விளம்பர ஏஜென்சி வழியாக என்பது இருக்கும். ஒரு கட்சிக்கே வழக்கமாக வேலை செய்யும் ஏஜென்சியின் பெயர் அகப்பட்டால் முகமூடி பாதி கழன்ற மாதிரி.

இன்னொரு சுரங்கம் டிவி நிலையங்களின் கோப்பு. அரசியல் விளம்பரத்துக்கான ஒப்பந்தத்தை ஒவ்வொரு நிலையமும் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் பொதுத் தளத்தில் ஏற்ற வேண்டும். நிலையத்தின் அழைப்பெழுத்துகளை (அதன் சுருக்க எழுத்துப் பெயரை) தேடி, அரசியல் கோப்புகள், ஆண்டு, ‘வேட்பாளர் அல்லாதவர்’ என்று வரிசையாக உள்ளே போங்கள். ஆர்டர் தாளில் எந்த நிகழ்ச்சியின் நடுவே, எந்த நாள், எத்தனை தடவை, 30 விநாடிக்கு என்ன விலை என்று வரி வரியாக இருக்கும். கூடவே வரும் படிவத்தில் அமைப்பின் நிர்வாகிகள் பெயர் இருக்க வேண்டும். எஃப்.இ.சி.யில் ஒன்றுமே கிடைக்காத அமைப்புக்கு ஒரு மனிதப் பெயர் கிடைப்பது பல நேரம் இங்கேதான்.

இங்கே இரண்டு தவறு சகஜம். ஒரே ஆர்டரைத் திருத்தித் திருத்தி நாலு தடவை ஏற்றியிருப்பார்கள். நாலையும் கூட்டினால் செலவு நாலு மடங்காகத் தெரியும். ஆர்டர் எண்ணை ஒப்பிட்டுக் கடைசித் திருத்தத்தை மட்டும் எடுங்கள், இன்வாய்ஸ் இருந்தால் அதையே நம்புங்கள். அடுத்தது, வேட்பாளரின் டாலரும் சூப்பர் பேக்கின் டாலரும் டிவியில் ஒரே மதிப்பு இல்லை. பிரைமரிக்கு முந்தைய 45 நாளும் பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாளும் வேட்பாளருக்கு நிலையம் தன் மிகக் குறைந்த விலையில்தான் நேரம் விற்க வேண்டும். அந்தச் சலுகை வெளிக் குழுக்களுக்குக் கிடையாது. அதனால் செலவுத் தொகையை மட்டும் பார்த்து ‘இவர்தான் அதிக விளம்பரம் போட்டார்’ என்று சொல்வது பல தடவை தப்பாகிவிடும்.

தடம் அடியோடு அறுந்துபோகும் இடம் 501(சி)(4) எனப்படும் சமூகநல அமைப்பு. அது வருமானவரித் துறைக்குத் தரும் 990 படிவம் பொதுவெளிக்கு வரும், நன்கொடையாளர் பெயர்கள் வராது. அதுவும் நிதியாண்டு முடிந்து பத்தரை மாதம்வரை தள்ளிப்போகலாம். ஆனாலும் படிவத்தைத் திறந்து, அட்டவணை ‘ஆர்’ பகுதியில் தொடர்புடைய அமைப்புகளையும், ‘ஐ’ பகுதியில் மானியம் போன இடங்களையும் பாருங்கள். முகவரி ஒன்று, பொருளாளர் ஒருவர் என்று இரண்டு அமைப்புகள் ஒத்துப்போனால் குறித்துவையுங்கள். செனட் லீடர்ஷிப் ஃபண்டுக்கு ‘ஒன் நேஷன்’, செனட் மெஜாரிட்டி பேக்குக்கு ‘மெஜாரிட்டி ஃபார்வர்ட்’ என்று இரண்டு தரப்புக்கும் இப்படி ஒரு இருட்டறை உண்டு. ‘பணம் இந்த அமைப்பிலிருந்து வந்தது, அதற்கு முன் தெரியவில்லை’ என்று எழுதி நிறுத்துவதே நாணயம். ஊகத்தால் அந்த இடைவெளியை நிரப்பாதீர்கள்.

கலந்து பேசக் கூடாது என்ற விதியை எப்படித் தாண்டுகிறார்கள் என்று பார்க்க ஆசையா? வேட்பாளரின் இணையதளத்தில் சிவப்புக் கோட்டுக் கட்டத்துக்குள் இருக்கும் பத்தியைத் தேடுங்கள். ‘இந்தப் பகுதி வாக்காளர்கள் இதைப் பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால் டிவி விளம்பரம் கேட்கிறார்கள். ‘கேட்க வேண்டும்’ என்றால் வானொலி, ‘போகிற வழியில் பார்க்க வேண்டும்’ என்றால் செல்போன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் ரகசியப் பேச்சு ஆகாது என்பது அவர்கள் வாதம். சில நாளில் அதே வாசகம் சூப்பர் பேக் விளம்பரத்தில் வரும். இரண்டையும் தேதியோடு படம்பிடித்துவையுங்கள், கட்டம் சத்தமில்லாமல் மாறிவிடும்.

ஆளுநர், மாநிலச் சட்டமன்றம், மக்கள் நேரடியாக ஓட்டுப்போடும் சட்ட முன்மொழிவுகள் இவற்றுக்கு எஃப்.இ.சி.யில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தந்த மாநிலத்தின் தளத்துக்குப் போக வேண்டும்; கலிஃபோர்னியாவுக்கு அது ‘கால்-அக்சஸ்’. 2020இல் அங்கே, செயலி வழி ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருதாமல் விடும் 22ஆம் முன்மொழிவுக்காக ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் உள்ளிட்ட நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் இறக்கின. முன்மொழிவு என்றால் நிறுவனமே நேரடியாகப் பணம் போடலாம். கலிஃபோர்னியா சட்டப்படி பெரிய நன்கொடையாளர்களின் பெயரை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும் என்பதால், அங்கே திரையை நிறுத்திப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.