கென்ரோகு-என்: நீர் செல்லும் வழியே ஒரு தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஜப்பானின் கனசாவா நகரிலுள்ள கென்ரோகு-என், அப்பகுதியை ஆண்ட மாயெதா குடும்பத்தார் 17ஆம் நூற்றாண்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக விரிவாக்கிய தோட்டமாகும். 1874இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. புதிதாக வருவோர் பலர் அருகிலுள்ள கனசாவா கோட்டையை நோக்கிய வாசலில் நுழைந்து, கல்விளக்கின் அருகே படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். நீர் உள்ளே வரும் இடத்தில் தொடங்கி, அது இறங்கும் வழியே நடந்தால்தான் இத்தோட்டத்தின் அமைப்பு விளங்கும்.

படி 1: திறக்கும் நேரத்திலேயே சென்றுவிடுங்கள். மார்ச் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை காலை 7 மணிக்கும், மற்ற மாதங்களில் 8 மணிக்கும் திறக்கிறார்கள். அதற்கு முன்னரும் கட்டணமின்றி அனுமதி உண்டு. ஆனால் அப்போது எல்லா வாசல்களும் திறந்திருப்பதில்லை.

படி 2: தென்கிழக்கிலுள்ள கொதாட்சுனோ வாசலில் நுழையுங்கள். 1631இல் கோட்டையைத் தீ அழித்தபின், நீர்ப் பற்றாக்குறையைப் போக்குவதற்காக மறு ஆண்டே சாய் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வெட்டப்பட்ட தட்சுமி கால்வாயின் நீர் இப்பக்கமாகத்தான் தோட்டத்துக்குள் வருகிறது.

படி 3: ஓடையை ஒட்டியே நடந்தால், வேர்கள் தரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் பைன் மரத்தைக் காண்பீர்கள். மண்மேட்டில் நட்டு, மரம் வளர்ந்தபின் மண்ணை அகற்றி உருவாக்கிய கோலம் அது.

படி 4: ஓடை சேரும் கசுமிகா-இகே குளக்கரையில் நிதானமாக நில்லுங்கள். கல்விளக்கின் ஒரு கால் நீரிலும், குட்டையான மறுகால் பாறைமீதும் ஊன்றியிருக்கும். கோத்தோ என்னும் நரம்பிசைக் கருவியில் நரம்பைத் தாங்கும் கட்டையான குதிரையை ஒத்த வடிவம் என்பதால் அதற்குக் கொதொஜி என்று பெயர். என் கண்ணுக்கு விளக்கைவிட அருகிலுள்ள கராசாகி பைன் மரமே மேலானது. பிவா ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்த விதையில் வளர்ந்த மரம் அது. இப்பகுதியின் ஈரப்பனி கனத்தால் கிளைகளை முறித்துவிடும் என்பதால், ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று இம்மரத்திலிருந்துதான் கயிறுகட்டும் பணி தொடங்குகிறது. நடுவே நட்ட கம்பங்களின் உச்சியிலிருந்து கிளைதோறும் கயிறு இறக்கிக் கட்டுவார்கள்.

படி 5: குளத்திலிருந்து சரிவில் இறங்கினால் ஒரு நீரூற்று எழும்பிக்கொண்டிருக்கும். அதற்கு இயந்திரமே இல்லை. மேலுள்ள குளத்தின் நீர்மட்டம் தரும் அழுத்தத்தாலேயே நீர் ஏறத்தாழ 3.5 மீட்டர் உயர்கிறது. குளம் வற்றினால் ஊற்றும் தாழும். கோட்டைக்குள் நீரேற்றுவதற்கான சோதனையாக 1861இல் இதை அமைத்தார்கள் என்பர். அந்தக் கோட்டையின் இஷிகாவா வாயில், அருகிலுள்ள கட்சுராசாகா வாசலில் வெளியேறியதும் பாலத்தின் மறுமுனையில் இருக்கிறது.