பெரிய வியாழன் பாதம் கழுவுதல்: பட்டியல் முதல் துவர்த்து (துடைக்கும் துண்டு) வரை

இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் திருப்பலியில் அருட்பணியாளர் பங்கு மக்கள் சிலரின் காலைக் கழுவுவார். குமரி மாவட்டத்துக் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பங்குகளில் இந்தச் சடங்கு கெடுவதென்றால் தண்ணீரால் கெடாது, பெயர்ப் பட்டியலில்தான் கெடும். பங்குப் பேரவை நிர்வாகி, கொடிமரத்துக்கு நன்கொடை தந்தவர், அவருடைய மச்சான் என்று பன்னிரண்டு பேரை உட்கார வைத்தால் அது பொன்னாடை போர்த்தும் விழா ஆகிவிடும். இயேசுவின் காலத்தில் கால் கழுவுவது அடிமை செய்த வேலை. அதை அவரே எடுத்துச் செய்தார் என்பதைப் பட்டியலே காட்ட வேண்டும்.

மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். அன்பியத்துக்கு (பங்கின் சிறு குடும்பக் குழுவுக்கு) ஒரு பெயர் கேளுங்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) தோல் உரிக்கும் பெண், குழி வெட்டுகிறவர் எல்லாம் வரட்டும். கோயிலோடு பிணங்கி ஒதுங்கிய ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எழுந்து வெளியே போவது யோவான் 13-ஆம் அதிகாரத்தின் 30-ஆம் வசனத்தில். கால் கழுவியது அதற்கு முன்பே முடிந்துவிட்டது, அவன் காலும் சேர்த்துத்தான்.

ஆண்கள் மட்டும்தான் என்று யாராவது சொன்னால், உரோமை வழிபாட்டில் 2016 ஜனவரி 6 தேதியிட்ட ஆணை பெண்களுக்கும் இடம் தந்துவிட்டது என்று சொல்லுங்கள். பன்னிரண்டு என்ற எண்ணிக்கையும் இப்போதைய திருப்பலி நூலில் இல்லை, எட்டுப் பேர் போதும். வேறு வழிபாட்டு முறையுள்ள மலங்கரை, சீரோ மலபார் கத்தோலிக்கக் கோயில்கள் தங்கள் நூலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சாதிக் கணக்கு வாய்விட்டுப் பேசப்படாது, ஆனால் பட்டியலில் தெரியும். இந்தப் பகுதியின் மறைசாட்சியான நட்டாலத்துத் தேவசகாயம் தாழ்த்தப்பட்டவர்களோடு சமமாகப் பழகியவர். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு சாதிப்பெயர் சேர்க்கப்படவில்லை. அந்த மண்ணில் ஒரே தெருக்காரர்களை மட்டும் வரிசையாக உட்கார வைத்தால் பார்க்கிறவர்களுக்குப் புரியாமலா போகும்?

பெயர் முடிவானதும் நேரில் போய்ச் சொல்லுங்கள். "ஐயோ ஃபாதர், என் காலையா?" என்றுதான் பலர் பின்வாங்குவார்கள். இயேசு கழுவ வந்தபோது சீடர் பேதுருவும் அப்படித்தான் மறுத்தார். குனிந்து கழுவுவதைவிடக் காலை நீட்டிக் கொடுப்பது கடினம். அதனால் வற்புறுத்தாமல் ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். சுகர்ப் புண் இருக்கிறதா என்று தனியாக விசாரியுங்கள், இருந்தால் மறு காலை மட்டும் கழுவலாம். வீட்டிலேயே தேய்த்துக் குளித்துப் பவுடர் போட்டு வருவார்கள், அதைத் தடுக்க முடியாது. குளித்தவருக்குக் கால் கழுவினால் போதும் என்று யோவானிலேயே இருக்கிறது.

ஒரு காலுக்கு அரை லிட்டர் தண்ணீர். பன்னிரண்டு பேருக்கு ஒரு கால் வீதம் கழுவினால் ஆறு லிட்டர், கீழே சிந்துவதற்கு இரண்டு லிட்டர் கூடுதல். ஒரு பங்கு கொதித்த நீரோடு ஐந்து பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் வெதுவெதுப்பாக இருக்கும். மறையுரை நீண்டால் ஆறிவிடும், ஆகவே சுடுநீரைப் பிளாஸ்கில் வைத்துக் கடைசியில் கலக்குங்கள். ஊற்றுவதற்குக் கிண்டி என்ற செம்பு நல்லது, மூக்கு இருப்பதால் நீர் சிதறாது. பேசின் அகலமாகவும் ஆழம் குறைந்தும் இருக்கட்டும். டைல்ஸ் தரையில் ஈரம் பட்டால் வழுக்கும், சாக்கு விரித்து மைக் வயரை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள். ஆளுக்கு ஒரு துவர்த்து, கூட மூன்று. புதுத் துவர்த்து நீரை இழுக்காது, இரண்டு முறை அலசியபின்தான் துடைக்க உதவும்.

மறையுரை முடிந்ததும் அருட்பணியாளர் மேலுடையைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட வேண்டும். முட்டுவலி இருந்தால் தாழ்ந்த மணையில் உட்காரட்டும், நின்றபடி குனிய வேண்டாம். விரலிடுக்கு வரை அவரே துடைக்க வேண்டும். இரண்டு சொட்டுத் தெளித்துவிட்டுத் துடைக்கிற வேலையைப் பீடப் பையனிடம் விட்டால் பாதிச் சடங்கு போயிற்று. முத்தமிடுவது வழக்கம்தான், விதி அல்ல. ஆளுக்கு ஒன்றரை நிமிடம் வைத்தால் பன்னிரண்டு பேருக்குப் பதினெட்டு நிமிடம் ஆகும், பாடலை அதற்கேற்ப நீட்டுங்கள். போட்டோ எடுப்பவர் ஓரமாக நிற்கட்டும்.

படுக்கையில் கிடப்பவர்களிடம் மறுநாள் காலையில் அதே கிண்டியோடு போங்கள். அங்கே மைக்கும் பாடலும் வேண்டாம். தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றலாம். நனைந்த துவர்த்துகளைக் கோயில் பணியாளரான கோயில்பிள்ளை தலையில் கட்டாமல், பட்டியல் போட்ட பேரவைக்காரர்களே அன்றிரவு துவைத்துக் காயப்போட வேண்டும்.