பே விண்டோவுக்குக் கர்ட்டன் டிராக்: மூலையில்தான் விஷயம்

சென்னை, கோவை அடுக்ககங்களில் சுவரைத் தாண்டி ஒன்றரை, இரண்டு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பே விண்டோவுக்குக் கடையில் வழக்கமாகச் சொல்வது இதுதான்: மூன்று பக்கத்துக்கு மூன்று ராடு, ஐலெட் (ராடு நுழைய மேல் விளிம்பில் பதித்த வளையம்) வைத்த திரை. மாட்டிய அன்று அழகாகத்தான் இருக்கும். ராத்திரி இழுத்து மூடும்போது ஒவ்வொரு மூலையிலும் நாலு விரல் சந்து தெரியும், தெருவிளக்கு அதன் வழியே நேராகக் கட்டிலில் விழும். மூலையில் கனெக்டர் போட்டு ராடுகளை இணைத்தாலும் பயனில்லை. அந்த இடத்தில் ராடைத் தாங்க ஒரு பிராக்கெட் இருந்தே ஆகவேண்டும், ஐலெட் வளையம் அதைத் தாண்டாது.

திரை மூலையைத் தாண்டி ஓட வேண்டுமானால் வளைந்த டிராக், திரையைத் தாங்கி அதற்குள் ஓடும் ரன்னர், மேல் விளிம்பில் டேப் (ஹூக் மாட்டும் நாடா) தைத்து ஹூக் மாட்டிய திரை மூன்றும் வேண்டும். ஐலெட் திரையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மேல் பட்டையை வெட்டிவிட்டு டேப் தைத்துக்கொள்ளலாம். நீளம் ஐந்தாறு அங்குலம் குறையும், அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கத்திரியை எடுங்கள்.

வளைப்பது அவசியம்தானா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஜன்னலுக்குள் இருக்கும் கிரானைட் மேடை வெறும் பூந்தொட்டி வைக்கும் இடம் என்றால், பே வாயின் குறுக்கே நேரான டிராக் ஒன்று போதும். செலவும் தலைவலியும் பாதி. மேடையில் உட்கார்ந்து படிப்பவர்கள் இருக்கும் வீட்டில் மட்டும் கண்ணாடியை ஒட்டி வளைத்துக்கொண்டு போவது அர்த்தமுள்ளது.

எந்த டிராக்

பிவிசி டிராக் விலை குறைவு, கையாலேயே வளையும். மெல்லிய ஷீர் துணிக்கு அது போதும். லைனிங் வைத்த கனமான திரைக்குப் போட்டால் பிராக்கெட்டுகளுக்கு நடுவே தொய்ந்துவிடும். வளைக்கும் முன் கால் மணி நேரம் வெயிலில் வைத்தால் இணக்கமாக வரும். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்ததை எடுத்து மடக்கினால் வெள்ளைக் கோடு விழுந்து கீறும்.

கனமான திரைக்கு அலுமினியம். ஆனால் கடையில் கிடைக்கும் மெல்லிய தகட்டு டிராக்கை முழங்காலில் வைத்து வளைத்தால் உள்பள்ளம் நசுங்கி ரன்னர் அங்கேயே நிற்கும். வளைப்பதற்கென்றே செய்த கனமான வகையைக் கேட்டு வாங்கி, அச்சுக் காகிதத்தை (வரைவது எப்படி என்பது கீழே) கொடுத்துக் கடையிலேயே வளைத்துத் தரச் சொல்வது நல்லது. எவ்வளவு குறுகலாக வளைக்கலாம் என்பது ஒவ்வொரு டிராக்குக்கும் மாறும். 10 செ.மீ. ஆரம் கிடைத்தால் பெரும்பாலான பே விண்டோவுக்குச் சரியாக வரும். ரன்னரிலும் கவனம் வேண்டும்: அகலமான அச்சில் இரண்டு சக்கரம் வைத்தது நேர்கோட்டில் வழுக்கும், வளைவில் சிக்கும். சின்ன நைலான் ரன்னர், ஹூக் மாட்டும் கண் சுழலக்கூடியது என்று கேளுங்கள்.

அளவு

பெரும்பாலான தவறு இங்கேதான். அளவு டேப்பைச் சுவரோடு சுவராக ஓட்டி அளந்த அளவு டிராக்கின் அளவு அல்ல. டிராக் சுவரிலிருந்து விலகி ஓடுகிறது, மூலையைக் கால்வட்டம்போல் அறுத்துக்கொண்டு போகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். முன்பக்கம் 180 செ.மீ., பக்கவாட்டு ஒவ்வொன்றும் 50 செ.மீ., மூலைகள் 90 டிகிரி. சுவரில் அளந்தால் 280. டிராக்கின் நடுக்கோடு சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருந்தால் முன்பக்கம் 164, பக்கங்கள் 42, 42. கூட்டினால் 248. ஒவ்வொரு மூலையிலும் 10 செ.மீ. ஆரத்தில் வளைப்பதால் இன்னும் 4.3 செ.மீ. குறையும். மிஞ்சுவது ஏறக்குறைய 239 செ.மீ. சுவர் அளவை நம்பித் தைக்கக் கொடுத்தால் 40 செ.மீ. டிராக்குக்கான துணி வீண். ஆனால் டிராக்கை மட்டும் 10 அடியாகவே வாங்கி, வளைத்த பிறகு இரண்டு முனையையும் வெட்டுங்கள். முனையை ஒட்டி வளைக்கப் பிடிப்பு கிடைக்காது.

கோணத்தை அளக்கக் கருவி தேவையில்லை. மூலையிலிருந்து இரண்டு சுவரிலும் 30 செ.மீ. குறித்து, இரண்டு குறிக்கும் இடையே நேராக அளங்கள். 42.4 செ.மீ. வந்தால் 90 டிகிரி, 52 வந்தால் 120, 55.4 வந்தால் 135. இரண்டு மூலையையும் தனித்தனியே பாருங்கள், பூச்சு வேலையில் ஒன்று போல் இன்னொன்று அமைவது அபூர்வம். பிறகு மேடையின் மீது காகிதம் விரித்து உட்புற வடிவத்தை வரைந்து, அதற்குள் 8 செ.மீ. தள்ளி டிராக்கின் கோட்டைப் போடுங்கள். மேல் அளவும் கீழ் அளவும் ஒன்றுதானா என்று சரிபார்த்த பின் அந்தக் காகிதமே அச்சு. ஜன்னல் கைப்பிடியோ கொசுவலைச் சட்டமோ உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் 8 என்பது 10 ஆகட்டும்.

துணி அகலம் டிராக் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு. மேலே சொன்ன அளவுக்கு 48 அங்குலத் துணியில் நாலு அகலம், பக்கத்துக்கு இரண்டாக. ரன்னர் 8 செ.மீ.க்கு ஒன்று வீதம் 30, உடைந்தால் மாற்ற இன்னும் நாலு. திரையின் கீழ் விளிம்பு மேடைக்கு ஒரு செ.மீ. மேலேயே நிற்கட்டும், துடைக்கும் ஈரத் துணி அதில் படாது.

துளை போடுவது

பல வீடுகளில் பே பகுதியின் கூரை லிண்டல் மட்டத்திலேயே, அதாவது ஏழடியிலேயே முடிந்துவிடும். ஜன்னலுக்கு மேல் சுவரே இருக்காது. ஆகவே பிராக்கெட்டை மேலே, கான்கிரீட்டில்தான் அடிக்க வேண்டும். அந்தக் கூரையின் மறுபக்கம் சன்ஷேட் மாதிரி மழையில் நனைவது. துளை அதைத் துளைத்துக்கொண்டு போனால் அடுத்த ஐப்பசியில் திரை வழியாகத் தண்ணீர் சொட்டும். டிரில் பிட்டில் 45 மி.மீ. தூரத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு, அது கூரையைத் தொட்டதும் நிறுத்துங்கள். 6 மி.மீ. பிட், 6 மி.மீ. பிளக், 40 மி.மீ. ஸ்க்ரூ. பிளக் பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் முழுதாக இறங்க வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் பிளக், குழந்தை ஒருமுறை திரையைப் பிடித்துத் தொங்கினால் பூச்சோடு வரும். பிட் கம்பியில் மோதினால் மல்லுக்கட்டாமல் 2 செ.மீ. தள்ளிப் போடுங்கள்.

ஏஏசி பிளாக் (எடை குறைந்த, நுண்துளை நிறைந்த கான்கிரீட் கல்) சுவரில் அடிக்க நேர்ந்தால் டிரில்லின் ஹேமரை அணைத்துவிடுங்கள். அந்தக் கல்லுக்கென்று விற்கும் நைலான் பிளக்கைத்தான் போட வேண்டும், சாதாரண பிளக் சுழன்றுகொண்டே இருக்கும். ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் போர்டில் திரையைத் தொங்கவிடும் யோசனையே வேண்டாம். போர்டு மூடுவதற்கு முன்பே டிராக் போகும் கோட்டில் பிளைவுட் பட்டையைக் கூரையிலிருந்து பிடித்துக் கட்டச் சொல்லிவிடுங்கள்.

பிராக்கெட்டை வளைவின் மீது வைக்காதீர்கள். வளைவு முடிந்து 5 செ.மீ. தள்ளி இருபுறமும் ஒவ்வொன்று, முனைக்கு 5 செ.மீ. உள்ளே ஒன்று, நடுவில் 45 செ.மீ.க்கு ஒன்று. மேலே சொன்ன ஜன்னலுக்கு எட்டு வரும். வளைவை ஒட்டிய நான்கை முதலில் மாட்டி, டிராக்கைப் பொருத்திப் பார்த்த பின்பே மற்றவற்றுக்குத் துளை போடுங்கள். கூரை மட்டமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், கொத்தனாரின் டியூப் லெவல் வைத்துப் பாருங்கள். உயர்ந்திருக்கும் இடத்தில் பிராக்கெட்டுக்கு மேல் வாஷர் வைத்துச் சரிக்கட்டாவிட்டால், திறந்து வைத்த திரை தானே நகர்ந்து மூடிக்கொள்ளும்.

ஒரே துண்டு கிடைக்காமல் இணைக்க வேண்டியிருந்தால், இணைப்பு முன்பக்கத்தின் நட்டநடுவே வரட்டும். இரண்டு திரையும் அங்கே சந்தித்து நிற்பதால் எந்த ரன்னரும் அதைக் கடக்காது. வெட்டிய முனைகளை அரத்தால் தேய்த்துவிட்டு, ரன்னர்களை ஏற்றி, கடைசியில் எண்ட் ஸ்டாப் (ரன்னரை நிறுத்தும் தடுப்பு). கடைசி ரன்னர் ஸ்டாப்புக்கு வெளிப்புறம் இருக்கட்டும், அப்போதுதான் திரையின் ஓரம் சுவரைவிட்டு நகராது.

திரை இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரு வாரம் வழுக்கும், பிறகு தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். மெழுகுவர்த்தித் துண்டை டிராக்கின் உள்விளிம்பில் தேய்த்தாலே போதும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்காற்று அடிக்கும் இடங்களில் ஸ்க்ரூவை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். சாதாரண ஸ்க்ரூ துருவேறி, திரையைக் கழற்றித் துவைக்கும் நாளில் தலை மட்டும் கையோடு வரும்.