கச்சேரி ஒலிப்பதிவு: இரண்டு மைக்கை எங்கே, எப்படி வைப்பது?

போன நவராத்திரிக்குச் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் என் மகளின் பாட்டு டீச்சர் பாடினார். பதிவு செய்தது நான். வீட்டுக்கு வந்து கேட்டால் குரல், வயலின், மிருதங்கம் எல்லாம் நடுவில் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அப்புறம் சமூக மன்றக் கச்சேரிகள் சிலவற்றில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஒரே மாடலில் இரண்டு சிறிய கார்டியாய்ட் (முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும்) கண்டென்சர் மைக், இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் பொருத்த ஒரு ஸ்டீரியோ பார், உயரமான ஸ்டாண்டு வேண்டும். என் தேர்வு ரோட் என்டி5 ஜோடி. ரெக்கார்டரில், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட்டைப் போட்டுவிடுங்கள்.

1. இடம்

மண்டபத்தின் நடுவில் வைக்காதீர்கள். எதிரொலியும் ஏர்கான் இரைச்சலும்தான் பதிவாகும். மேடை விளிம்பில், பாடகருக்கு நேர் எதிரே வையுங்கள். மண்டப ஸ்பீக்கர்கள் மைக்குக்குப் பின்னால் இருக்கட்டும். கார்டியாய்டுக்குப் பின்பக்கம் காது மந்தம்.

2. கோணம்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதலில் எக்ஸ்-ஒய் முறையில் வைத்தேன்: இரண்டு மைக்கின் முகமும் ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் 90 டிகிரி. மைக்கிலிருந்து பார்த்தால் மிருதங்கம் முதல் வயலின் வரை மேடையும் ஏறக்குறைய 90 டிகிரி, சரியாகப் பொருந்தும் என்று நினைத்தேன். ஆனால் மைக்குகளுக்கு இடையிலான கோணம் வேறு, அவை இடக்கோடி முதல் வலக்கோடி வரை விரித்துக் காட்டும் பரப்பு வேறு. 90 டிகிரி எக்ஸ்-ஒய்யில் அந்தப் பரப்பு சுமார் 180 டிகிரி. நம் மேடை அதில் பாதிதான், அதனால்தான் எல்லாரும் நடுவில் குவிந்தார்கள்.

இப்போது ஓஆர்டிஎஃப் முறைதான் வைக்கிறேன். பிரெஞ்சு வானொலியில் உருவானது: 17 சென்டிமீட்டர் இடைவெளி, வெளிப்பக்கமாக 110 டிகிரி. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு மைக்கைக் கூடுதல் சத்தத்தோடும் கொஞ்சம் முந்தியும் எட்டுகிறது. இரண்டும் சேர்வதால் சுமார் 95 டிகிரி மேடையே முழு அகலத்துக்கு விரிந்துவிடும். கலைஞர்கள் 3 மீட்டர் அகலத்தில் உட்கார்ந்தால், ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் கணக்குச் சரி. மிருதங்கம் இடது காதில், வயலின் வலது காதில், குரல் நடுவில் வந்த அன்று டீச்சருக்கு உடனே அனுப்பினேன்.

3. உயரம்

மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை சபையைப் பார்த்து இருப்பதால், தாழ்வாக வைத்தால் மிருதங்கம் குரலை அமுக்கிவிடும். பாடகரின் தலைக்கு அரை மீட்டர் மேலே வைத்து, வாயை நோக்கிச் சாய்த்துவிடுங்கள்.

4. பதிவின் சத்த அளவு

24 பிட்டில் பதியுங்கள். சோதனையின்போது ரெக்கார்டர் மீட்டரில் உச்சம் மைனஸ் 18 டெசிபல் போதும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரின் கை வேகமெடுக்கும்போது, பூஜ்யம் வரை மிச்சமிருக்கும் அந்த இடைவெளி தேவைப்படும்.

பின்சேர்க்கை: 17 சென்டிமீட்டரை எங்கிருந்து அளப்பது என்று இருவர் கேட்டிருந்தார்கள். மைக்கின் முன்முனையிலிருந்து முன்முனைக்கு, பிடிப்பானிலிருந்து அல்ல.

இன்னொருவரிடம் எக்ஸ்-ஒய் மைக் பொருத்திய கையடக்க ரெக்கார்டர் மட்டும் இருக்கிறதாம். சில மாடல்களில் மைக்கை 120 டிகிரிக்குத் திருப்பலாம், திருப்பிவிடுங்கள். முடியாவிட்டால் ஒரு மீட்டர் வரை நெருங்கி வையுங்கள்.