குதிக்கால் இரத்தமும் காலைக் குளிசையும்: பிறவித் தைரொயிட் குறைபாட்டில் நாம் விடும் பிழைகள்

களுவாஞ்சிக்குடியில் என் தங்கச்சிக்கு மகள் பிறந்து பன்னிரண்டு நாள் இருக்கும். அழுகை குறைவு. எழுப்பினால்தான் பால் குடிப்பாள், குடித்ததும் திரும்ப நித்திரை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் “தாயைப் படுத்தாத பிள்ளை” என்று மெச்சிவிட்டுப் போனார்கள். நானும்தான். அன்று பின்னேரம் குடும்பநல மாது ஸ்கூட்டியில் தேடி வந்து, “எத்தனை தரம் கோல் எடுக்கிறது? பிள்ளையின் இரத்தத்தில் தைரொயிட் பிழை காட்டுது, நாளைக்கு விடியவே ஆஸ்பத்திரிக்கு வாங்கோ” என்றார். படிவத்தில் மச்சானின் நம்பரைக் கொடுத்திருந்தோம். மச்சான் கட்டாரில்.

அதனால் முதல் பிழையாக இதையே சொல்கிறேன். பிரசவ வார்டில் நம்பர் கேட்கும்போது பிள்ளையோடு வீட்டில் இருக்கப்போகிறவரின் நம்பரைக் கொடுங்கள். தாயினுடையது ஒன்று, அம்மம்மாவினுடையது ஒன்று. வாகரையிலோ வெல்லாவெளியிலோ சிக்னல் விட்டுவிட்டு வரும் இடம் என்றால் இரண்டு போதாது, மூன்றாகக் கொடுங்கள். முடிவு வந்ததா என்று கிளினிக்கில் நீங்களே ஒருதரம் கேட்டுவிடுவதும் நல்லது.

கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி தைரொக்சின் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. முதல் மூன்று வயதுவரை மூளை வளர்வதற்கு அது கட்டாயம் வேண்டும். ஏறக்குறைய 2,000 முதல் 4,000 பிள்ளைகளில் ஒருவருக்கு இது பிறக்கும்போதே போதாமல் இருக்கும். வயிற்றில் இருக்கும்வரை தாயின் ஹோர்மோன் கொஞ்சம் தொப்புள்கொடி வழியாகப் போய்க் கைகொடுப்பதால், பெரும்பாலான பிள்ளைகள் பிறக்கும்போது ஒரு குறையும் தெரியாமல்தான் இருப்பார்கள். முகத்தைப் பார்த்து “நல்லாத்தானே இருக்குது” என்று முடிவெடுக்கிற எந்த நேரமும் பிழைக்கிற நேரம்தான். இரத்தம் சொல்வதைத்தான் நம்பலாம்.

அந்த இரத்தத்தைக் குதிக்காலில் சின்னதாகக் குத்தி, ஒரு தடித்த தாளில் சில சொட்டு ஊறவைத்து எடுப்பார்கள். “பச்சைப் பிள்ளைக்கு எத்தனை ஊசி?” என்று அம்மம்மாமார் மறிப்பதுண்டு. கையில் போட்ட பிசிஜி ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு. இந்தச் சோதனையில் பார்ப்பது டிஎஸ்எச், அதாவது தைரொயிட் சுரப்பியைத் தூண்டிவிடும் ஹோர்மோன். பிறந்த முதல் நாளில் அதன் அளவு எல்லாப் பிள்ளைக்கும் இயல்பாகவே எகிறி நிற்கும். ஆகவே 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் எடுப்பதே நல்லது. அவசரப்பட்டுத் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வருபவர்கள், “குதிக்கால் இரத்தம் எடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டு வாருங்கள். மாதம் நிரம்பாமல் பிறந்தவர்களுக்கும் இரட்டையருக்கும் முதல் முடிவு சரியாக வந்தாலும் சில கிழமை கழித்து இன்னொருதரம் பார்க்கச் சொல்வார்கள். அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

அடுத்தது செங்கமாரி. இளவெயில் காட்டினால் போய்விடும் என்று மூன்று கிழமையாகப் பிள்ளையை முற்றத்தில் வைத்திருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இரண்டு கிழமை தாண்டியும் மஞ்சள் நிற்கிறது என்றால் வெயிலை விட்டுவிட்டு டொக்டரிடம் போங்கள். கரகரத்த அழுகை, மலச்சிக்கல், வெளியே தள்ளிய நாக்கு, பிதுங்கிய தொப்புள், குளிர்ந்த தோல் இவையும் அப்படித்தான். கிரைப் வோட்டர் கொடுத்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை.

கூப்பிட்டு அனுப்பினால் அன்றைக்கே போக வேண்டும். எங்கள் வீட்டில் மாமி, “துடக்கு கழியட்டும், 31 முடியப் போவம்” என்றா. மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைக்கலாம், அவர் 31 நாள் பொறுப்பார். மூளை பொறுக்காது. பிறந்து இரண்டு கிழமைக்குள் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்வார்கள். மாதக் கணக்கில் பிந்தினால் இழந்ததை மருந்து திருப்பித் தராது. சுரப்பியைப் பார்க்கும் ஸ்கான் எடுக்க நாள் கிடைக்கவில்லை என்பதற்காகவும் மருந்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

மருந்து ஒரு சின்னக் குளிசை. இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, சில துளி தாய்ப்பாலில் கரைத்து, கரண்டியாலேயே கன்னத்துக்குள் விட வேண்டும். கரண்டியில் ஒட்டியதையும் இன்னும் இரண்டு துளி பால் விட்டு வழித்துக் கொடுத்துவிடுங்கள். போத்தல் பாலில் போட்டால் பிள்ளை பாதியில் நிறுத்தும், மருந்தும் பாதியோடு போகும். ஒரு கிழமைக்குச் சேர்த்துக் கரைத்து வைப்பதும் கூடாது, அடியில் தங்கிவிடும். இரும்புச் சத்து மருந்து, கல்சியம், சோயாப் பால் இவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. நம்மூர் வெக்கையில் குளிசைப் போத்தலை அடுப்படித் தட்டிலோ யன்னலோரமோ வைக்காதீர்கள்.

ஒருதரம் பார்மசியில் 50 மைக்ரோகிராம் முடிந்துவிட்டது என்று 100 தந்துவிட்டார்கள். பெட்டியின் நிறம் மாறியதைப் பார்த்துத்தான் தங்கச்சி கண்டுபிடித்தாள். அப்படியே அரைக் குளிசை கொடுத்திருந்தால் இரண்டு மடங்காகியிருக்கும். அளவு கூடினாலும் கெடுதல்தான்: நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், நித்திரை போகும். ஒவ்வொரு முறையும் எண்ணை வாசியுங்கள்.

பிள்ளையின் நிறை ஏற ஏற அளவும் மாறும். அதற்குத்தான் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள், பிள்ளையைக் குத்திப் பார்க்கிற ஆசையில் இல்லை. முடிவு சரியாக வந்ததும் “சுகம் வந்திட்டுது” என்று குளிசையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சரியாக வருவதே அந்தக் குளிசையால்தான். சிலருக்கு இது தற்காலிகமாக இருக்கலாம், ஆனால் நிறுத்திப் பார்ப்பதா என்பதை மூன்று வயதுக்குப் பிறகு டொக்டர்தான் முடிவெடுப்பார்.

அப்புறம் பழி. “மரவள்ளி தின்றாய், அதுதான்” என்று தங்கச்சியிடம் முகத்துக்கு நேரேயே சொன்னவர்கள் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சுரப்பி சரியாக உருவாகாமல் போவதுதான் காரணம், அது தாயின் கையில் இல்லை. அயடின் உப்பைக் கூட்டிப் போட்டுச் சுரப்பியை வரவைக்கவும் முடியாது. சில பிள்ளைகளுக்குச் சுரப்பி இருந்தும் ஹோர்மோன் சுரக்காது. அது பெரும்பாலும் பரம்பரையாக, தாய் தகப்பன் இருவர் வழியாகவும் வருவது. அப்படியானால் அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்த மச்சானைக் கட்டியவர்கள் அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்கள் பிள்ளைக்கு ஸ்கானில் சுரப்பியே இல்லை என்று தெரிந்தது. இப்போது தரம் மூன்று, வாய் ஓயாது. விடிய எழும்பினதும் கதிரையில் ஏறி அலுமாரியில் இருந்து குளிசைப் போத்தலைத் தானே எடுத்துக்கொண்டு வந்து, “சித்தி, எண்ணை வாசியுங்கோ” என்று என் சின்னத் தங்கச்சியிடம் நீட்டுவாள்.