எரிமலைப் பூங்காவை ஒரு தாளில் வரைந்து படிப்போம்

யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டை நிலம். மலை காற்றை மறித்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில்தான் படிக்கிறார்கள். பசுபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவில் 1916இல் அமைக்கப்பட்ட ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவைக் கொப்பியில் ஒருமுறை வரைந்தால் அது நன்றாக விளங்கும். அடிமட்டம், பென்சில், சிவப்புப் பேனை போதும்.

படி 1: உயரம்

தாளின் அடியில் ஒரு கோடு போடுங்கள். அது கடல்மட்டம். 1 சென்ரிமீற்றருக்கு 500 மீற்றர் என்று வைத்து, பூங்காவின் இரண்டு எரிமலைகளில் வலப்பக்கம் கிலாவேயாவை (1,247 மீற்றர்) 2.5 சென்ரிமீற்றர் உயரத்திலும், இடப்பக்கம் மௌனா லோவாவை (4,169 மீற்றர்) 8.3 சென்ரிமீற்றர் உயரத்திலும் குறியுங்கள். இலங்கையின் அதியுயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். கூம்பாக வரைய வேண்டாம். எரிமலைக் குழம்பு இளகி ஓடுவதால் இந்த மலைகள் கேடயம்போல் அகன்று கிடக்கும்.

படி 2: காற்று

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள், மற்ற எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து அம்புக்குறிகள் இடுங்கள். அது வடகீழ் வியாபாரக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு மழை வரும் திசையும் வடகிழக்குத்தான். ஆனால் மலையின் முன்பக்கம், பின்பக்கம் என்ற பேச்சே குடாநாட்டில் இல்லை. ஹவாயில் ஈரக்காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து மழையைக் கொட்டும். அதனால் வலச்சரிவில் மரப்பன்னங்கள் நிறைந்த மழைக்காட்டை வரையுங்கள்.

கிலாவேயாவின் இடப்பக்கம் காவூ பாலைவனம். அங்கும் மழை உண்டு. ஆனால் எரிமலையின் கந்தக ஈரொட்சைட்டு வாயு கலந்து அமிலமாகப் பெய்கிறது, சாம்பலும் பாறையும் நீரைப் பிடித்து வைப்பதில்லை. மழை குறைந்தால்தான் பாலைவனம் என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 3: வெப்பநிலை

1,000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். கடற்கரையை 26 பாகை என்று கொண்டால் கிலாவேயா உச்சியில் 18, மௌனா லோவா உச்சியில் சுழியத்துக்குக் கீழே. வெப்பவலயத் தீவில் பனி விழுவது இதனால்தான்.

படி 4: உயிர்கள்

புதிதாக இறுகிய பாறையில் முதலில் வேர்விடும் மரங்களில் ஒன்று ஓஹியா. அதன் சிவப்புப் பூவில் தேன் குடிக்கும் அபாபனே என்ற சிவப்புக் குருவியையும் மழைக்காட்டில் எழுதுங்கள். திறந்த பாறைவெளியில் நேனே வாத்து. பாறையில் நடக்க வசதியாக அதன் விரலிடைச் சவ்வு குறைந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் காட்டில் ஏறத்தாழ 30 நேனேக்களே எஞ்சின, கூண்டில் வளர்த்துத் திரும்பக் காட்டில் விட்டுத்தான் இனத்தைக் காப்பாற்றினார்கள்.

படி 5: சிவப்புப் பேனை

வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட உயிர்களைச் சிவப்பில் எழுதுங்கள். முதலில் கீரி. எங்கள் வேலியோரம் ஓடும் கீரியின் உறவினம்தான். கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க 1883இல் அங்கே கொண்டுபோனார்கள். அது நிலத்தில் கூடு கட்டும் நேனேயின் முட்டைகளைத் தின்கிறது. கீரியிலிருந்து நேனேக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி இடுங்கள்.